முறிந்ததும் விழுந்ததும்

எங்கள் வயதுக்காரர் இருவர் சந்தித்தால் இப்போதெல்லாம் முதலில் பேசுவது யார் விழுந்தார்கள் என்பதைத்தான். குளியலறையில் விழுந்தவர், பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்தவர், கட்டில் விளிம்பில் இருந்து செருப்பைக் கால்விரலால் தேடும்போது விழுந்தவர். விழுந்தார் என்று கேள்விப்பட்டதும் அடுத்த கேள்வியை நாம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறோம்: இடுப்போ? ஓம் என்றால் கை தானாகப் போய்த் தன் இடுப்பைத் தடவிப் பார்க்கும். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தச் சொல் சின்ன வயதிலேயே பழக்கம். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்திய, சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில், புங்குடுதீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாமிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

மாமி என்பவர் அப்பாவின் மூத்த அக்கா. இளம் வயதிலேயே புருசனை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. அப்பா தென்பகுதியில் சிங்களவர் இருக்கும் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு தரம்தான் வருவார். ஆகவே வீடு, மாடுகள், பனங்காணி எல்லாம் மாமியின் கையில் இருந்தன. அலுமாரியைப் பூட்டும் திறப்பும் அவர் இடுப்பில்தான். ஒல்லியான, நெடிய உடம்பு. கடைசி சில வருடங்களில் அந்த நெடிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக்கொண்டு வந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வேலைசெய்த உடம்பு வளையத்தானே செய்யும் என்றார்கள்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவருக்கு அப்பாவிடம் போய் இருக்க விருப்பம். என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒவ்வொரு முறை அப்பா வரும்போதும் கதை எடுப்பார். மாமி விடமாட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் அறை குடும்பம் நடத்தும் இடமா, பிறத்தியார் ஊரில் பொம்பிளைப் பிள்ளையை வளர்ப்பதா என்று கேட்பார். இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் ஒரே குசினியில் இரண்டு பேரும் நிற்கும்போது சட்டி பானை வழக்கத்தை விடக் கூடச் சத்தம் போடும்.

சம்பவம் நடந்த காலையும் இதே பேச்சுத்தான். அம்மா நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு வளவுக் கிணறு உவர். மாமி கையில் வைக்கோலோடு மாட்டுக்கொட்டில் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே மாமியைக் கடந்தார். அதற்குப் பதில் சொல்ல மாமி நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பினார். பிறகு கேட்டது குடம் உருண்ட சத்தம். நான் வெளியே ஓடி வந்தபோது மாமி தரையில் கிடந்தார். சேலை முழுக்க ஈரம். அம்மா வெறுங்குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையை நீட்டியபடி நின்றார். மாமி விழும்போது பிடிக்கப் போன கை அது.

வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே நேரத்தில்தான் ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தார். அவர் முதலில் கேட்டது வாக்குவாதம். பிறகு கண்டது நீட்டிய கை, கொட்டிய தண்ணீர், விழுந்து கிடக்கும் கிழவி. யாராக இருந்தாலும் அந்த மூன்றையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருப்பார்கள். மத்தியானத்துக்குள் மடத்துவெளி வரை செய்தி போய்விட்டது. தம்பி பெண்சாதி மச்சாளைத் தள்ளி விழுத்திப்போட்டாள்.

பெரியப்பா ஓடி வந்தார். அவர் மாமிக்கு இளையவர், அப்பாவுக்கு மூத்தவர். இரண்டு வளவு தள்ளி இருந்தார். மாமியைக் கட்டிலில் தூக்கிக் கிடத்தும்போது அவருடைய வலது பாதம் வெளிப்பக்கம் சரிந்து, யாரோ கழற்றி வைத்த செருப்பைப் போலக் கிடந்ததை நான் பார்த்தேன். அந்தக் கால் மற்றக் காலை விடக் கட்டையாகவும் இருந்தது.

"அக்கா, என்ன நடந்தது? பயப்பிடாமல் சொல்லு" என்றார் பெரியப்பா.

"திரும்பினனான். உள்ளுக்கை டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டது. கால் விட்டுப்போச்சு. முறிஞ்ச பிறகுதான் விழுந்தனான்."

"அவள் தள்ளினவளோ?"

"உனக்குக் காது கேக்கேல்லையே? முறிஞ்சது முதல். விழுந்தது பிறகு."

பெரியப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்து முற்றத்தில் நின்றவர்களிடம், "அக்கா குடும்ப மானத்தைக் காப்பாத்துறா" என்றார். அன்று தொடங்கி மாமி எத்தனை முறை அந்த உண்மையைச் சொன்னாரோ அத்தனை முறையும் அது அம்மாவுக்கு எதிரான சாட்சியாகவே போய்ச் சேர்ந்தது. தள்ளியவளை ஒருவர் இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றினால் தள்ளியது எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள்.

முறிவுப் பரியாரியார் வேலணையிலிருந்து வள்ளத்தில் வந்தார். நாட்டு வைத்தியத்தில் பெரிய பேர் எடுத்தவர். கை முறிவு, கணுக்கால் நெரிவு என்றால் அவர் தொட்டாலே போதும் என்பார்கள். எனக்கே ஒருமுறை மணிக்கட்டைச் சரியாக்கியவர். அவர் மாமியின் காலைப் பார்த்தார், கவட்டுப் பக்கம் பெருவிரலால் அமர்த்தினார். எலும்பு குழியிலிருந்து விலகிவிட்டது என்று முடிவெடுத்தார். பெரியப்பா தோளைப் பிடிக்க, பரியாரியார் காலை இழுத்தார். மாமி கத்தவில்லை. உதடு வெளுத்து மயங்கிப்போனார். மயங்கியது நல்லது என்றார் பரியாரியார். எண்ணெய் பூசி, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்து அப்பி, பனம் மட்டைச் சிம்பு வைத்துக் கட்டினார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு.

"அசையக் கூடாது. ஒரு இம்மியும் அசையக் கூடாது. அசைஞ்சால் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கை எலும்பு அசையாமல் இருந்தால் ஒட்டும். ஆனால் இடுப்பு முறிந்த கிழவி அசையாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

சாக்குக் கட்டிலின் நடுவில் பெரியப்பா கத்தியால் ஒரு வட்டம் வெட்டினார். அதற்குக் கீழே ஒரு மண்சட்டி. அந்தச் சட்டியை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பது அம்மாவின் வேலை. மாமியின் வாயில் கஞ்சி வைப்பதும், தலை வாருவதும், ஈ விரட்டுவதும் அம்மாதான். எண்ணெய் மணம், வெந்த உளுந்தின் புளித்த மணம், அதன் கீழே வேறொரு மணம். சோளகக் காற்று வீடு முழுக்க மணலைக் கொண்டுவந்து போட்டாலும் அந்த மணத்தைக் கொண்டுபோகவில்லை. அலுமாரித் திறப்பு மாமியின் தலையணைக்குக் கீழே கிடந்தது. சில நாட்களில் அது அம்மாவின் இடுப்புக்கு வந்துவிட்டது. யார் கொடுத்தது, யார் கேட்டது என்று எனக்கு நினைவில்லை.

பார்க்க வந்த சனம் கட்டில் பக்கம் இருந்து மாமிக்கு அழும். குசினியில் நின்ற அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காது. "இப்பத்தான் வீட்டை குடிச்சனாங்கள்" என்பார்கள். அம்மா ஊற்றிய தேத்தண்ணி ஆடை பிடித்துக் கிடக்கும். பிறகு அதை நான் குடிப்பேன்.

ஒரு மத்தியானம் அம்மா மாமியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"மச்சாள், என்ரை குடம் உங்களிலை முட்டினதோ?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"உனக்கும் விசர் பிடிச்சிட்டுதே?"

"இல்லை... எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே ஐமிச்சமாக் கிடக்கு. நான் விலத்தித்தான் போனனான். ஆனால் முழங்கை முட்டினதோ தெரியேல்லை."

"முட்டினால் என்ரை உடம்புக்குத் தெரியாதே? நீ தொடேல்லை. நான் முறிஞ்சனான்."

அம்மா ஓம் என்றார். ஆனால் அந்த ஓமில் சத்தம் மட்டும்தான் இருந்தது.

காய்ச்சல் வந்தது அதன் பிறகு. ஒரு நாள் அம்மா பரியாரியாரின் சொல்லை மீறி மாமியை ஒருபக்கம் சரித்துப் பார்த்தார். முதுகு முடியும் இடத்தில், எலும்புக்கு மேலே, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு புண். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அம்மா சத்தம் போடாமல் மாமியைத் திரும்பக் கிடத்திவிட்டு, வெளியே போய் மாட்டுக்கொட்டிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார்.

பெரியப்பா ஆசுப்பத்திரி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "அக்கரைப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குப் போன கிழடுகள் ஆர் திரும்பி வந்தது? இஞ்சை கிடந்து போகட்டும், கொள்ளி வைக்க நாங்கள் இருக்கிறம்." அவர் கண் கலங்கித்தான் சொன்னார். அக்காவைத் தூரத்தில் சாக விடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

தந்தி கிடைத்து அப்பா வந்தார். வந்தவர் மாமியைப் பார்த்தார், பெரியப்பாவோடு வேலியோரம் நின்று கனநேரம் கதைத்தார். பிறகு குசினிக்குள் வந்து அம்மாவிடம், "உண்மையைச் சொல்லு. என்ன நடந்தது?" என்றார்.

அம்மா கறிக்கு அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "நீங்கள் ஆரை வேணுமெண்டாலும் நம்புங்கோ. ஆனால் இண்டைக்கு மச்சாளை வள்ளத்திலை ஏத்துங்கோ. அவ இந்தக் கட்டிலிலை கிடந்து செத்தால், இப்ப பொய்யாக் கிடக்கிறது நாளைக்கு உண்மையாப் போயிடும். அதுக்குப் பிறகு நான் என்ன சொல்லியும் பிரயோசனமில்லை."

அப்பா குசினியை விட்டு வெளியே வந்தார். நேரே போய் அறைக்கதவைக் கழற்றினார். பலாமரக் கதவு, மஞ்சள் நிறம், நடுவில் சின்னதாகத் தாமரை செதுக்கியிருக்கும். அதில் பழைய சேலைகளை மடித்துப் போட்டு மாமியைக் கிடத்தி, இன்னும் இரண்டு சேலையால் கட்டினார்கள். துறை வரைக்கும் ஆட்கள் மாறி மாறித் தூக்கினார்கள். வழியில் சனம் வாசற் படலைகளில் நின்று பார்த்தது. அது செத்தவீட்டு ஊர்வலத்தைப் பார்க்கும் பார்வை. அப்பாவும் அம்மாவும், தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும் வள்ளத்தில் ஏறினோம்.

வரமாட்டேன் என்று நின்ற பெரியப்பா, வள்ளம் தள்ளப்போகும் நேரத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஏறினார். பட்டினம் சேரும் வரைக்கும் தன் குடையை மாமியின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தார். காற்று குடையைப் பறிக்கப் பார்த்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்தார். வள்ளம் அலையில் ஏறி விழும்போதெல்லாம் மாமி, "மெல்ல, மெல்ல" என்று கடலைப் பார்த்துச் சொன்னார்.

ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்குத்தர் இளம் ஆள். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரியப்பாவின் குடையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார்.

"தொடை எலும்பின்ரை மேல்முனை இந்தக் குடைப்பிடி மாதிரி வளைஞ்சு இடுப்புக் குழிக்குள்ளை போகுது. நுனியிலை ஒரு பந்து. ஆச்சிக்கு முறிஞ்சது இந்த வளைவிலை, கழுத்து மாதிரி இருக்கிற இடத்திலை. பந்துக்கு இரத்தம் போற வழியும் இதுதான். வழி அறுந்தால் எலும்பு ஒட்டுறது கஷ்டம். கொழும்பிலை இப்ப ஆணி வைச்சுப் பொருத்திப் பாக்கினமாம். இஞ்சை அதுக்கு வசதியில்லை. அதோடை நாளும் கனக்கப் போயிட்டுது."

குழியிலிருந்து எலும்பு விலகவே இல்லை என்றும் சொன்னார். பெரியப்பா பரியாரியார் இழுத்ததை நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் மாமி கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "ஐயா, ஒண்டு கேக்கிறன். உந்தப் படத்திலை தெரியுமோ, நான் விழுந்து முறிஞ்சனானோ, முறிஞ்சு விழுந்தனானோ?"

டாக்குத்தர் சிரித்தார். "ஆச்சி, விழாமல் எலும்பு முறியுமே?"

அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்த ஒருவரும் சொல்லிவிட்டார். இனி அதற்கு மேல் யாரிடம் போவது?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்களுக்கெல்லாம் இன்று தெரிகிற ஒன்று அன்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது என்பதுதான். வயதான பெண்களுக்கு எலும்பு உள்ளே அரித்துச் சல்லடையாகிப் போகும். கூன் விழுவதுகூட அதன் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் விழுந்துதான் முறிகிறது. ஆனால் சில வேளை நின்ற காலில் திரும்பினாலே முறிந்துவிடும். விழுவது அதன் பிறகு. என் முழங்காலுக்காக நான் பார்க்கும் டாக்குத்தர் இதைச் சாதாரணமாக, மருந்துத் துண்டு எழுதிக்கொண்டே சொன்னார். அந்த இளம் டாக்குத்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். மாமியின் பதிலைக் கேட்கத்தான் அவர் நிற்கவில்லை.

மாமியின் காலில் பிளாஸ்தர் ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பியில் விட்டு, நுனியில் பாரத்துக்கு இரும்புப் படிக்கற்களைத் தொங்கவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். "தம்பி, உன்ரை கடையிலை நிறுக்கிற மாதிரி என்னை நிறுக்கினம்" என்றார் மாமி. இடுப்பு முறிந்த பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. புண்ணை நாளும் கழுவி மருந்து வைத்தார்கள். அது மெல்ல மெல்லச் சிவந்து ஆறத் தொடங்கியது.

ஆனால் அவர் தலை தாழ்ந்து கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுக்கும் சத்தம் நடைபாதைவரை கேட்டது. ஒரு நாள் காலையில் டாக்குத்தர் வந்து மாமியின் முதுகில் காது வைத்துக் கேட்டார். பிறகு படிகளைக் கழற்றச் சொன்னார்.

"காலைப் பாத்தால் ஆள் போயிடும்" என்று அப்பாவிடம் சொன்னார். "எலும்பு ஒட்டாது. ஒட்டாட்டியும் பரவாயில்லை. இருத்துங்கோ, பிறகு எழுப்புங்கோ. கக்கத்துத் தடியோடை நடக்கட்டும். நோகும். நோகட்டும்."

இத்தனை நாளும் அசையக் கூடாது என்றவர்களுக்கு நடுவில் அசைய வேண்டும் என்று ஒருவர் சொன்னது எங்களுக்குப் புதினமாக இருந்தது. அம்மா மாமியின் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி இருந்து, தன் நெஞ்சில் அவரைச் சாய்த்து இருத்தினார். அப்படியே ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தார். பிறகு கால்களைத் தொங்கவிட்டு. பிறகு தடியோடு. மாமி பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் பரம்பரையையே ஏசிக்கொண்டு நடந்தார். அம்மா, "ஏசுங்கோ, ஏசிக்கொண்டு மற்றக் காலை வையுங்கோ" என்பார்.

ஊருக்குத் திரும்பிய அன்று துறையில் சனம் கூடியிருந்தது. பிழைத்து வருகிறார் என்று செய்தி போயிருந்தது. அதே கதவைத் தூக்கிக்கொண்டு நாலு ஆட்களும் வந்திருந்தார்கள். மாமி அதைப் பார்த்து, "அதைக் கொண்டுபோய் அறை வாசலிலை கொழுவுங்கோ" என்றார். வள்ளத்திலிருந்து இறங்க ஆண்கள் கை நீட்டினார்கள். பெரியப்பாவும் நீட்டினார்.

"ஒருத்தரும் வேண்டாம். இவள் பிடிக்கட்டும்."

எல்லோரும் பார்க்க, அம்மாவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் முழுப் பாரத்தையும் அவர் மேல் போட்டு மாமி கரையில் இறங்கினார். இதற்கு மேல் ஒருவர் எப்படிச் சாட்சி சொல்ல முடியும் என்று நான் நினைத்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு யாருக்கோ சொல்வது கேட்டது: "பார், என்ன மனம்! தள்ளினவளையே பிடிச்சுக்கொண்டு வாறா."

மாமிக்கும் அது கேட்டது. அவர் நின்றார். தடியை மணலில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு நடந்தார்.

அப்பா தென்பகுதிக்குப் புறப்படும் நாள் வந்தது. அம்மா போகிற பேச்சை எடுக்கவே இல்லை. மாமிதான் எடுத்தார். "தம்பி, கடைக்குப் பின்னாலை எத்தினை அறை?"

"இரண்டு, அக்கா."

"காணும். எல்லாரும் வாறம்."

பெரியப்பா பதறினார். "உனக்கென்ன, கிறுக்கே? உந்தக் காலோடையோ? பிறத்தி ஊரிலை போய்ச் சாகப்போறியோ?"

"நான் சொல்லச் சொல்ல உங்களுக்கு விளங்காது. இஞ்சை இருந்தால் சாகுமட்டும் நான் சொல்லிக்கொண்டு இருக்க வேணும். நான் செத்தால் இவளுக்காகச் சொல்ல ஒருத்தருமில்லை. எனக்கு ஏலாது. சொல்லத் தேவையில்லாத இடத்துக்குப் போறன்."

மாடுகளைப் பெரியப்பாவின் பட்டிக்கு மாற்றினோம். பாயும் தலையணையும் றங்குப்பெட்டிகளும் வள்ளத்தில் ஏறின. பிறகு ரயில். மாமி வாழ்நாளில் ரயிலைக் கண்டது அன்றுதான். முறியாத காலை நீட்டுவதா முறிந்த காலை நீட்டுவதா என்று தெரியாமல், எதிர் இருக்கையில் இருந்தவர்களை எல்லாம் எழுப்பிவிட்டு இரண்டையும் நீட்டிக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சின்ன முற்றம், ஒரு பலா மரம். நல்ல தண்ணீர் வீட்டு வாசலிலேயே இருந்தது. மாமிக்கு அங்கே எதுவும் பிடிக்கவில்லை. மீன் ருசியில்லை என்பார், மழை ஓயவில்லை என்பார். மூன்று வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்து அங்கேயே காலமானார்.

போன புதிதில் ஒரு பின்னேரம், பின்வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒரு சட்டியில் பலாச்சுளை கொண்டுவந்து தந்தார். மாமியின் வயதுதான் இருக்கும். மாமியின் தடியையும் கட்டைக் காலையும் பார்த்து, கையை விரித்து என்ன நடந்தது என்று கேட்டார். மாமிக்கு அவர் பாஷை தெரியாது. அவருக்கு எங்கள் பாஷை தெரியாது. அம்மா வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

மாமி நிலத்தில் கிடந்த ஒரு காய்ந்த சுள்ளியை எடுத்து உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தினார். அதை மெல்லத் திருகினார். அது டக்கென்று முறிந்தது. முறிந்த பிறகு மேல்பாதியைக் கீழே விழவிட்டார். பிறகு தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

அந்தப் பெண் தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அய்யோ" என்றார். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொதுதானே. மாமிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, தலையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். தன் பெருவிரலால் கீழே கிடந்த சுள்ளியைத் தொட்டுப் பார்த்தார்.

மாமி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"விளங்கீட்டுது" என்றார். "இவளுக்கு விளங்கீட்டுது, பிள்ளை."

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அந்த வருடம் முழுவதும் அவர் அழுது நான் கண்டது அப்போதுதான்.